அனுமதியின்றிக் குறைந்த வலி

பெரிய மருத்துவமனையின் எலும்பு வார்டில் அவள் முப்பத்திரண்டு வருடம் செய்த வேலைக்குப் பதிவேட்டில் 'உதவிப் பணியாளர்' என்று பெயர். வார்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேஜைக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு என்று ஆட்களைத் தூக்கி வைப்பதுதான் வேலை. "தூக்கு அக்கா, தூக்கு அக்கா" என்று நர்சுகள் நாள் முழுக்கக் கத்திக் கத்தி அவள் பெயரே தூக்கக்கா என்று ஆகிவிட்டது. தூக்குமேடையை ஞாபகப்படுத்துகிற பெயர்தான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு ஆளைக்கூடக் கீழே போட்டதில்லை என்று சொல்லிக்கொள்வாள்.

ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆயிற்று. தூக்கி வைத்தவர்கள் எல்லாம் எழுந்து நடந்து போய்விட்டார்கள். பாரம் மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. வலது தோளில் ஆரம்பித்து, தோள்பட்டை வழியாக இறங்கி, முதுகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இடுப்புக்கு மேலே பாயை விரித்துப் படுத்துக்கொண்டது வலி.

சட்டைக்குள் கையை நுழைப்பதே காலையில் பாதிப் பொழுதைத் தின்றது. கை காது வரைக்கும் போகாது. அதனால் அவள் தலையைப் பின்னும் வேலையைப் புருஷன் எடுத்துக்கொண்டார். அவர் சலூன்காரர். நாற்பது வருடம் ஆம்பளைத் தலைகளையே பார்த்தவர். முடி என்றால் வெட்டவேண்டிய சாமான் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தோன்றாது. பின்னல் ஒரு நாள் இடப்பக்கம் போகும், ஒரு நாள் வலப்பக்கம் போகும், சில நாள் பாதி வழியில் நின்றுவிடும்.

"ஏம்மா, பேசாம கழுத்தோட வெட்டி விட்டுடவா? உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார் ஒரு நாள்.

"கத்திரியை எடுத்தீங்க, கையை உடைச்சிடுவேன்."

"எந்தக் கையால?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. சீப்பைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். அரைப் பின்னலோடு செருப்பை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள்.

வெளிநோயாளிப் பிரிவு டாக்டர் முகத்தைப் பார்க்காமலே ஒரு சீட்டு எழுதினார். "பின்னால புதுக் கட்டடம் இருக்கு. உயர்மையத்துக்குப் போங்க."

அவள் வேலை பார்த்த காலத்தில் அந்த இடத்தில் குப்பை லாரி நிற்கும். இப்போது ஐந்து மாடி எழுந்து நின்றது. 'முதுவயதினர் நீடித்த முதுகு மற்றும் தோள் வலி மேலாண்மை உயர்மையம்' என்ற பெயர் முகப்பில் அடங்காததால் 'உயர்மையம்' மட்டும் பக்கச் சுவரில் இருந்தது. உயர்மையம் என்று பெயர் வைத்த பிறகு தரைத்தளத்தில் நடத்துவது சரியாக இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ, மூன்றாம் மாடியில் வைத்திருந்தார்கள். லிப்ட் இருந்தது. 'சாமான்களுக்கு மட்டும்' என்று அதன்மேல் எழுதியிருந்தது.

மேலே நான்கு ஜன்னல்கள், நான்கும் இடுப்பு உயரத்தில். உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் குனிந்தே ஆக வேண்டும். முதுகுவலிக்காரர்கள் வரிசையாகக் குனிந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், உள்ளே ஏதோ சன்னிதி இருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

முதல் ஜன்னலுக்குள் வலி மதிப்பீட்டு அலுவலர் இருந்தார். ஒல்லியான மனிதர். பேனாவை யாரும் கொண்டுபோய்விடாமல் நூலால் தன் சட்டைப் பித்தானோடு கட்டியிருந்தார்.

"வலி எத்தனை?"

"ரெண்டு இடத்துல சார். தோள்ல ஒண்ணு, முதுகுல..."

"எத்தனை இடம்னு கேக்கல. எத்தனைன்னு கேட்டேன். பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"காலையில எழுந்திருக்கும்போது எட்டு இருக்கும் சார். வெந்நீர் ஊத்துனா அஞ்சுக்கு வந்துடும். துணி காயப்போடப் போனா..."

"ஒரு நம்பர் சொல்லுங்கம்மா. ஒரு கட்டம்தான் இருக்கு."

"அப்ப ஏழுன்னு போட்டுக்குங்க."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். நூல் இழுத்ததால் அது தொங்கியது. "எல்லாரும் ஏழுதான் சொல்றீங்க. ஆறுன்னா இங்க சேர்க்க முடியாது. எட்டுன்னா அவசரப் பிரிவு, அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல. அதனால ஏழுன்னு யார் சொன்னாலும் சந்தேகப்படணும்னு எங்களுக்கு உத்தரவு."

"அப்ப நான் எத்தனைன்னு சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லுங்க."

"ஏழு."

'சந்தேகத்துக்குரிய ஏழு' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து ஒரு தாளில் அச்சிட்ட மனித உருவம் வந்தது. வலிக்கிற இடத்தைக் கறுப்படிக்க வேண்டும். அவள் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள். அலுவலர் ஸ்கேல் வைத்து அளந்தார். முகம் வாடியது.

"தோள் அறை தனி, முதுகு அறை தனி. நீங்க ரெண்டையும் சேர்த்து இழுத்திருக்கீங்க. நடுவுல தோள்பட்டை எலும்பு வேற வருது."

"அது அங்கதான் சார் இருக்கு."

"அதுதான் பிரச்சினையே."

பிரச்சினை என்னவென்று தாழ்வாரத்தில்தான் தெரிந்தது. தோள் அறைக்காரர், "தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம்தானே இருக்கு? அங்க போங்க" என்றார். முதுகு அறைக்காரர், "பேர்லயே தோள் இருக்கேம்மா, கண்ணு தெரியலையா? அங்க போங்க" என்றார். நான்கு முறை போய் வந்தாள். இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவே அறுபது தப்படி. அதை எண்ணிச் சொன்னவர் சுவரோரம் நின்றிருந்த லாரிக்காரர். நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்து முதுகைத் தொலைத்தவர். "நானும் இதே எலும்புதான் அக்கா. எட்டு மாசமா ரெண்டு அறைக்கும் நடுவுலதான் குடித்தனம்" என்றார்.

உண்மையில் அந்த எலும்பு யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய மையத்தில் ஓர் எல்லைக் குழு போட்டிருந்தார்கள். குழு இரண்டு முறை கூடி, எல்லையை நேரில் பார்வையிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. முடிவு வரும்வரை அந்த எலும்பில் ஏற்படும் வலிக்கு எந்த அறையும் பொறுப்பல்ல என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

சிகிச்சைக்கு முன்னால் இன்னொரு சடங்கும் பாக்கி இருந்தது. வலி 'நீடித்தது' என்று நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு திங்கட்கிழமை தொடர்ந்து வந்து, நம்பர் சொல்லி, நாலாம் ஜன்னலில் முத்திரை வாங்க வேண்டும். அவள் வந்தாள். மூன்று மாடி ஏறி, முதுகு சாய்க்க இடமில்லாத பெஞ்சில் காத்திருந்து, குனிந்து, ஏழு என்று சொல்லி, முத்திரை வாங்கி இறங்கினாள். எட்டு திங்கள் போயிற்று. ஒன்பதாவது திங்கள் காலையில் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. சலூன்காரர் கடையை அடைத்துவிட்டு அவளைப் புரட்டிப் போட்டு வெந்நீர்ப் பையை வைத்தார்.

அடுத்த வாரம் அலுவலர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "போன வாரம் வரலையே?"

"வலி சார். எழுந்திருக்கவே முடியல."

"வராத வாரத்துல வலி இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"வலி இருந்ததாலதானே வரல?"

"வலி இருந்திருந்தா வந்திருப்பீங்கம்மா. வலி இருக்கிறவங்க வர்ற இடம்தானே இது?" அலுவலர் அதை அன்பாகவே சொன்னார். "உங்க வலி நடுவுல அறுந்துபோச்சு. மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க."

அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். நிமிர்ந்தால் என்ன சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. பிறகு நாலாம் ஜன்னலுக்குப் போய் அட்டையை நீட்டினாள்.

அங்கே முத்திரை குத்துகிறவர் ஐம்பது தாண்டிய, பீப்பாய் போன்ற மனிதர். உண்மையில் அவர் மையத்தின் பிசியோ. எட்டு மாதத்துக்கு முன் வேலைக்கு எடுத்தார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் பயிற்சிக்கூடம் ஒன்றும் கட்டி, கருவிகளும் வாங்கிப் போட்டார்கள். திறந்துவைக்க வேண்டிய பிரமுகருக்குத் தேதி அமையவில்லை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று பிசியோவின் கையில் முத்திரையைக் கொடுத்துவிட்டார்கள்.

"அழாதீங்க அக்கா" என்றார் அவர்.

"நான் அழல சார். எனக்குக் கோவம் வந்தா கண்ணுல தண்ணி வரும்."

பிசியோ அக்கம்பக்கம் பார்த்தார். முத்திரை துடைக்கிற துணியை ஜன்னல் மேடையில் விரித்தார். "வலது கையை இதுமேல வைங்க. அப்படியே முன்னால தள்ளுங்க. மெதுவா. இழுக்கிற மாதிரி இருந்தா பரவாயில்ல, சுரீர்னு குத்துனா நிறுத்திடுங்க."

அவள் தள்ளினாள். துணி ஒரு சாண் நகர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு விரல் தள்ளினாள்.

"வலிக்குதுன்னு அசைக்காமலே வெச்சிருக்கீங்க. எண்ணெய் போடாத கீல் மாதிரி தோள் இறுகிப்போச்சு. தினம் மூணு வேளை இதைப் பண்ணுங்க. அப்புறம் சுவத்துப் பக்கமா நின்னு, விரலாலயே ஏறுங்க, பல்லி ஏறுற மாதிரி. எது வரைக்கும் போகுதோ அங்க ஒரு கோடு போட்டு வைங்க. முதுகுக்குப் படுத்தே கிடக்காதீங்க. கொஞ்ச தூரம் நடங்க, உக்காருங்க, மறுபடி நடங்க."

"இவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு. ஆரம்பம் இவ்வளவுதான்."

"இதைச் சொல்லவா சார் எனக்குப் பன்னெண்டு திங்கக்கிழமை?"

பிசியோ முத்திரையை எடுத்தார். அட்டையில் 'வாரம் ஒன்று' என்று குத்தினார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. காத்திருப்புக் கூடத்துச் சுவரில், அன்றைக்கே, எல்லார் முன்னாலும், விரல்களால் ஏற ஆரம்பித்தாள். தோளுக்கு நேராக வந்ததும் நின்றது கை. பென்சிலால் கோடு போட்டாள். வார்டில் எத்தனையோ பேரிடம் "பயப்படாதீங்க, நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அதைத் தன் கையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, சுவத்துல எறும்பா?" என்றார் லாரிக்காரர்.

"எறும்பு இல்ல, நான்தான். நீங்களும் வாங்க. பத்து மாசமா சும்மாதானே நிக்கிறீங்க."

அவருக்கு முதலில் கூச்சம். மறு வாரம் வந்தார். முதுகு சாய்க்க இடமில்லாத பெஞ்சு ஒரே ஒரு பயிற்சிக்கு நல்லது என்று பிசியோ சொல்லியிருந்தார்: கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரலாம். லாரிக்காரர் முதல் நாள் மூன்று முறை எழுந்தார்; நாலாவதுக்கு லாரி பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு தோளும் இறுகிப்போன டைப்பிஸ்ட் அம்மா ஒருத்தி சேர்ந்தாள். அவளுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு கோடு. பிறகு அவர்களைப் பார்த்து இவர், இவரைப் பார்த்து அவர் என்று பதினைந்து இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். திங்கள் மட்டும் என்றிருந்தது தினமும் ஆயிற்று. அறைக்கும் அறைக்கும் அலைந்த அறுபது தப்படியைக் காலையில் ஆறு நடை நடந்தார்கள். பிசியோ தன் டீ நேரம் பதினைந்து நிமிடமும் டீ குடிக்காமல் கூடத்தில் நின்று, "தோளைக் காதுகிட்ட தூக்காதீங்க, கீழ இறக்குங்க. மூச்சை விடுங்க, அடக்கி வெக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவரில் கோடுகள் மேலே ஏறின. எல்லா நாளும் ஏறவில்லை. சில நாள் இரண்டு விரல் இறங்கும். அன்றைக்கு அவள் அதற்கும் ஒரு கோடு போடுவாள்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் சலூன்காரர் சீப்போடு வந்தபோது அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை கையை இறக்கி இளைப்பாறி, பின்னலைப் போட்டு முடித்திருந்தாள்.

"கோணலா இருக்கு" என்றார் அவர்.

"இருக்கட்டும். என் கோணல்."

அந்தத் திங்கட்கிழமை முதல் ஜன்னலில் வழக்கமான கேள்வி வந்தது.

"நாலு சார்" என்றாள்.

அலுவலர் கையிலிருந்த பேனா நூலில் தொங்கியது. "நாலா? யாரைக் கேட்டு?"

பத்து நாளில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் சலூன்காரர் பிரித்துப் படித்துவிட்டார். வீட்டு முன்பக்கத்துக் கடை நாற்காலியில் ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு காத்துக்கொண்டிருந்தார்.

'பொருள்: அனுமதியின்றி வலி குறைந்தமை, விளக்கம் கோருதல். தாங்கள் இம்மையத்தில் ஏழு என்ற எண்ணுடன் பதிவு செய்யப்பட்டவர். எல்லைக் குழுவின் முடிவு நிலுவையில் உள்ள நிலையில், இம்மையத்தால் எவ்விதச் சிகிச்சையும் தொடங்கப்படாதபோதே தங்கள் வலி நான்காகக் குறைந்துள்ளது தெரியவந்துள்ளது. இக்குறைவுக்கு யாரிடம் முன் அனுமதி பெறப்பட்டது என்பதையும், எஞ்சிய மூன்று தற்போது எங்குள்ளது என்பதையும் இயக்குநர் முன் நேரில் தெரிவிக்கவும்.'

"மூணு எங்க போச்சுன்னு கேக்குறாங்கம்மா" என்றார் சலூன்காரர். "கட்டிலுக்கு அடியில பாத்தியா?"

நுரைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே கிளம்பினாள்.

இயக்குநர் அறையில் முதல் தடவையாக அந்த மாடியில் முதுகு உள்ள நாற்காலியைப் பார்த்தாள். அதுவும் ஒன்றுதான் இருந்தது. அதில் இயக்குநர் இருந்தார். தங்கமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"உக்காருங்கம்மா... ஓ, நாற்காலி இல்லையா? பரவாயில்ல, நில்லுங்க. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா நீங்க மையத்தோட இடத்துலேருந்து கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நூத்திநாப்பது பேர் இங்க வேலை பாக்குறோம். எல்லாரும் உங்க ஏழை நம்பித்தான் இருக்கோம். நீங்க பாட்டுக்கு நாலுன்னு வந்து நின்னா, நாளைக்கு இன்னொருத்தர் மூணுன்னு வருவார். அப்புறம் மதிப்பீட்டுப் பிரிவு என்ன பண்ணும்? எல்லைக் குழு எந்த எலும்பைப் பாக்கும்?"

"வலி என்னோடது சார். குறைச்சுக்க உங்ககிட்ட எதுக்கு அனுமதி?"

"வலி உங்களோடதுதான். யார் இல்லன்னாங்க? மேலாண்மை எங்களோடது."

"சரி சார். அப்படி இந்த மூணு வருஷத்துல யாருக்கு என்ன மேலாண்மை பண்ணீங்க?"

இயக்குநர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க இதே ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்கதானே? உங்களுக்கு நிர்வாகம் புரியும்னு நினைச்சேன்."

"நான் தூக்குற வேலை பாத்தேன் சார். புடிச்சா விடக்கூடாதுங்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச நிர்வாகம். நாளைக்கும் வருவேன், சுவத்துல ஏறுவேன். மூணு எங்கன்னு கேட்டிருக்கீங்க. கூடத்துச் சுவத்துல கோடு கோடா இருக்கு. போய் எண்ணிக்குங்க."

மறுநாள் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். காய்ந்ததும் அவள் புதுக் கோடு போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பயனாளிகள் பேரவை கூடும் என்று அறிவித்தார்கள். நோயாளிகள்தான் பேரவை. வருடத்துக்கு ஒரு முறை கூட்டி, எதையாவது அவர்கள் ஒப்புதலோடு செய்ததாக எழுதிக்கொள்வது வழக்கம். இந்த முறை தீர்மானம் இரண்டு. ஒன்று, தாழ்வாரத்திலும் கூடத்திலும் உடலை அசைப்பதற்குத் தடை. இரண்டு, பிசியோவை மையத்திலிருந்து விடுவித்து, கீழே துணிக் கிடங்குக்கு மாற்றுவது.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அன்பான முதியோர்களே! நம்ம மையத்தோட சாதனையைச் சொல்லட்டுமா? முதல் வருஷம் நம்ம பயனாளிகளோட சராசரி வலி ஏழு. ரெண்டாவது வருஷம்? ஏழு. மூணாவது வருஷம் எவ்வளவோ சோதனை வந்துச்சு, சில பேர் கீழ இழுக்கப் பாத்தாங்க. அப்பவும் ஏழுதான்! இந்த நிலைத்தன்மை வேற எங்க கிடைக்கும்? இன்னொண்ணு சொல்றேன். இதுவரைக்கும் இந்தப் பேரவையில ஒரு தீர்மானத்தைக்கூட ஒருத்தர்கூட எதிர்த்ததில்ல. அவ்வளவு நம்பிக்கை உங்களுக்கு எங்க மேல. இப்பவும் கேக்குறேன். எதிர்க்கிறவங்க தாராளமா வலது கையை உயர்த்தலாம். விதிப்படி முழங்கை காதுக்கு மேல வரணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது கூடத்தில் கைகள் நின்றன.

தூக்கக்காவின் கை முதலில் போயிருந்தது. விரைப்பாக இல்லை, நடுங்கியது, முழங்கை காதைத் தாண்டி நின்றது. லாரிக்காரர் கை, டைப்பிஸ்ட் அம்மாவின் கை, இன்னும் பதினாறு கைகள். முழுக்க உயராத கைகளைப் பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா போன வருடம் ஒரு டம்ளரை இரண்டு கையால் தூக்கியவள். இப்போது அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கையை இறக்கவில்லை.

இயக்குநர் மதிப்பீட்டு அலுவலரைப் பார்த்தார். அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். காதோடு ஏதோ சொன்னார். இயக்குநரின் முகம் தெளிந்தது.

"மகிழ்ச்சி. கையை இவ்வளவு நல்லா தூக்குறவங்களுக்குத் தோள்ல வலி இருக்க நியாயமில்ல. வலி இல்லாதவங்க பயனாளி இல்ல. பயனாளி இல்லாதவங்களுக்கு ஓட்டு இல்ல. கையைத் தூக்காதவங்கதான் உண்மையான உறுப்பினர்கள். அவங்க யாருமே எதிர்க்கல. ஆகவே ரெண்டு தீர்மானமும் ஏகமனதா நிறைவேறுது."

லாரிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அக்கா, இவன் நம்மள குணப்படுத்திட்டானா, வெளியேத்திட்டானா?"

தூக்கக்கா கையை மெல்ல இறக்கினாள். "சார், ஒரு சந்தேகம். அப்ப நாங்க உங்க பயனாளி இல்ல?"

"இல்லம்மா."

"உங்க விதி எங்களைக் கட்டாது?"

இயக்குநர் அலுவலரின் விதிப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "அப்படித்தான் ஆகுது."

அவள் எழுந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். தாழ்வாரத்தில் நடந்து கடைசிக்குப் போனாள். பின்னால் பதினெட்டு பேர் வந்தார்கள். பயிற்சிக்கூடத்துக் கதவில் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது, பதினோரு மாதத்துத் தூசியோடு. 'திறப்பு விழாவுக்குக் காத்திருக்கிறது' என்று ஒரு தாள். பூட்டு எங்கே என்று குனிந்து தேடினாள். பூட்டே இல்லை. பதினோரு மாதமாக யாரும் தள்ளிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தள்ளினாள். திறந்தது.

உள்ளே விரிப்புகள், கயிறும் உருளையும் மாட்டிய கம்பிகள், ரப்பர் பட்டைகள், முதுகு உள்ள நாற்காலிகள் இருபது. எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தன. லாரிக்காரர் வேகமாக ரிப்பனைப் பிடித்து இழுக்கப் போனார்.

"அறுக்காதீங்க!" என்று அதட்டினாள் அவள். "அறுத்தா திறப்பு விழா ஆயிடும். அப்புறம் இவங்க எல்லாரும் உள்ள வந்துடுவாங்க."

ரிப்பனை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் சொன்னது சரியாகவே இருந்தது. துரத்திக்கொண்டு வந்த இயக்குநர் வாசலில் நின்றுவிட்டார். அலுவலர் விதியை உரக்கப் படித்தார்: 'பிரமுகரால் திறந்துவைக்கப்படும் வரை மையப் பணியாளர் எவரும் கூடத்துக்குள் பிரவேசிக்கலாகாது.' நோயாளிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் உள்ளே போகக்கூடும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பிசியோ ஜன்னலை விட்டு வெளியே வந்து, தன் மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'இன்று முதல் மையப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், நான் இப்ப மையப் பணியாளர் இல்லதானே?"

இயக்குநர் பதில் சொல்வதற்குள் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். துணிக் கிடங்கு ஆள் என்ற முறையில் மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்குக் கூடத்துக்குத் துண்டுகள் வழங்க வந்தார். இருபது துண்டு வழங்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

பிரமுகருக்கு இன்னும் தேதி அமையவில்லை. இயக்குநர் வாரம் ஒரு கடிதம் எழுதுகிறார். தூக்கக்காவின் வலி போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. வீட்டுக்காரியாக இருந்தது இப்போது ஒண்டுக்குடித்தனமாக ஒடுங்கிவிட்டது. குளிர்ந்த நாளில் குரலை உயர்த்தும். அவள் துண்டை எடுத்து மேஜையில் தள்ளுவாள், நடந்துவிட்டு வருவாள், அது அடங்கும்.

போன திங்கட்கிழமை முதல் ஜன்னலில் ஒரு புது ஆள் குனிந்து நின்றார். தபால்காரராக இருந்தவர். பை தொங்கிய தோள் மற்றதைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது. மூன்று மாடி ஏறிய களைப்பில் அவருக்கு நம்பர் வாயில் வரவில்லை.

தாழ்வாரக் கடைசியிலிருந்து தூக்கக்கா கூப்பிட்டாள். "ஐயா! இங்க வாங்க."

"அம்மா, அவருக்கு இன்னும் நம்பர் போடல" என்றார் அலுவலர்.

"நீங்க போட்டுக்கிட்டே இருங்க. அவர் வரட்டும்."

தபால்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அறுபது தப்படியையும் நடந்து வந்தார். கதவுக்குக் குறுக்கே ரிப்பனைக் கண்டதும், பழக்க தோஷத்தில், அதன் அடியில் நுழைய இடுப்பை வளைத்தார்.

அவள் வலது கையால் ரிப்பனைப் பிடித்துத் தன் தலைக்கு மேலே, கை எட்டும் மட்டும் உயர்த்தினாள்.

"குனியாதீங்க ஐயா. நிமிர்ந்தே வாங்க."